தாய் எங்கே என்று கேட்கிற தேரர்

கண்டிக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் தலதா மாளிகையோடும் பேராதனைப் பூங்காவோடும் திரும்பிவிடுகிறார்கள். சுவரோவியத்தில் ஆர்வம் உள்ள சிலர்தான் லேவெல்லைப் பக்கமாக மகாவலியைக் கடந்து தெகல்தொருவ குகை விகாரைக்குப் போகிறார்கள். எனக்கு அது அடிக்கடி போய்வரும் இடம். தமிழ்மொழிமூலப் பாடசாலை ஒன்றில் சித்திரம் படிப்பிக்கிறேன். கண்டிக்கால ஓவியங்களைச் சாதாரண தரப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். புத்தகத்தில் இருக்கிற சின்னப் படத்தைக் காட்டி அந்தச் சிவப்பை ஒரு பிள்ளைக்கு விளங்கப்படுத்த முடியாது.

அங்கே பிள்ளைகளைக் கூட்டிவந்திருந்த ஒரு சிங்களச் சித்திர ஆசிரியைதான் இந்தத் தேரரைப் பற்றிச் சொன்னார். வேறொரு மலைப்பக்கத்தில் சின்ன விகாரை. ஒரு தேரர் (மூத்த பிக்கு), ஒரு சாமணேரர் (உபசம்பதா பெறாத இளம் துறவி), அவ்வளவுதான். தேரர் இன்றைக்கும் பழைய முறையில் சுவரில் வரைகிறார். நாய்களும் இருக்கின்றன, கனக்க. விகாரையின் பெயரையும் ஊரையும் இங்கே எழுதவில்லை. அது அவருடைய வேண்டுகோள். காரணம் போகப் போகத் தெரியும்.

நம்மில் பலர் விகாரைக்குள் எப்படி நடந்துகொள்வது என்று தெரியாததாலேயே போகாமல் இருந்துவிடுகிறோம். மொழி வேறு, சமயம் வேறு, பழைய மனக்கசப்பும் இருக்கிறது. எனக்கும் தயக்கம் இருந்தது. போன பிறகு அந்தத் தயக்கத்தில் முக்கால்வாசி தேவையில்லாதது என்று தெரிந்தது. ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

முதலில் நேரம். பிக்குமார் நண்பகலுக்குப் பிறகு சாப்பிடுவதில்லை. மத்தியானம் ஒரு மணிக்கு ஆசையோடு சோற்றுப் பார்சலைக் கொண்டுபோய் நீட்டினால் அவரால் அதை உண்ண முடியாது. தானம் கொடுக்க விரும்பினால் முன்கூட்டியே சொல்லி, பதினொரு மணிக்கு முன்னரே அங்கே இருக்க வேண்டும். பல விகாரைகளில் எந்த நாள் எந்த வீட்டுத் தானம் என்று ஒரு அட்டவணை தொங்கும். அதில் வெறுமையாக இருக்கிற நாளைக் கேட்டு எடுப்பதுதான் உண்மையான உதவி. போயா எனப்படும் பௌர்ணமி நாளில் சில் (ஒழுக்க விரதம்) எடுத்தவர்களால் விகாரை நிறைந்திருக்கும், ஞாயிறு காலையில் தஹம் பாசல என்ற அறநெறி வகுப்பு நடக்கும். இந்த இரண்டு நாளும் அவருக்கு உங்களோடு இருந்து பேச நேரம் கிடையாது. வாரநாளில், பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு போங்கள்.

பெண்கள் தனியாகப் போவதைத் தவிர்க்கலாம். ஒரு பெண்ணோடு தனித்து இருந்து பேசுவது அவருடைய விநயத்துக்கு, அதாவது பிக்குமாரின் ஒழுக்க விதிகளுக்கு, ஒத்துவராது. நான் என் தம்பியோடு போனேன். ஓட்டோ அவனுடையது, அதனால் பயணமும் சுலபம். எதையும் கொடுக்கும்போது கை படக்கூடாது. சில தேரர்கள் பெண்களிடம் நேரே வாங்குவார்கள், சிலர் மேசையைக் காட்டுவார்கள். அவர் என்ன செய்கிறார் என்று ஒரு நொடி பொறுத்துப் பார்த்தால் போதும். தோளும் முழங்காலும் மூடிய வெள்ளை அல்லது மங்கல் நிற உடை, செருப்பும் தொப்பியும் வெளியே. அவர் கதிரையில் இருந்தால் நாம் பாயிலோ தாழ்ந்த இருக்கையிலோ இருக்க வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்கக் கூடாது.

ஒன்றை மட்டும் யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை. நாம் கைகூப்பினால் தேரர் திரும்பக் கைகூப்ப மாட்டார். பிக்கு இல்லறத்தாரை வணங்குவது வழக்கம் இல்லை. 'தெருவன் சரணய்' (மும்மணிகளின் துணை உண்டாகட்டும்) என்று வாழ்த்துவார். அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டு முகம் சுருங்கித் திரும்பி வந்த தமிழர்களை எனக்குத் தெரியும். அது அவமதிப்பு இல்லை, அதுதான் முறை.

இந்தத் தேரருக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். தேயிலைத் தோட்டத்துக்கு அருகே பிறந்து வளர்ந்தவர், தமிழ் ஓரளவு பேசுவார். எனக்குச் சிங்களம் தெரியும். இரண்டையும் கலந்துதான் பேசினோம். நான் எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

அவரைப் பார்ப்பதற்கு முன் நாய்களைக் கடக்க வேண்டும். வாசலுக்குக் கொஞ்சம் முன்பே ஓட்டோவை நிறுத்திவிட்டு நடந்து போங்கள். குடையை விரிப்பதோ சுருக்குவதோ கூடாது. தடியால் அடி வாங்கிய நாய்க்குக் குடையும் தடிதான். கையில் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள். குரைத்துக்கொண்டு வந்தால் ஓடாமல், கண்ணுக்குள் பார்க்காமல், கைகளைத் தொங்கவிட்டு நில்லுங்கள். மோந்து பார்த்து முடித்தால் அவை தாமாகவே விலகிவிடும். குட்டிக்கும் தாய்க்கும் இடையில் மட்டும் ஒருபோதும் நிற்காதீர்கள். அங்கே அன்றைக்குப் பதினைந்துக்கு மேல் இருந்தன. கலு, சுது, ரத்து என்று நிறத்தை வைத்தே பெயர். ஒன்றுக்கு மூன்று கால்தான். அநேகமானவற்றுக்குக் காது நுனியில் ஒரு சின்ன வெட்டு இருந்தது. கருத்தடைச் சத்திரசிகிச்சை முடிந்தவை என்பதற்கு அதுதான் அடையாளம் என்று சாமணேரர் சொன்னார்.

தேரர் தான சாலைக்குள் ஒரு வாங்கில் ஏறி நின்று சுவரில் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். "வாங்க டீச்சர், இந்தக் கோடு காய்வதற்குள் முடிக்க வேணும்" என்றார். நாங்கள் பாயில் உட்கார்ந்தோம். அரை மணி நேரம் யாரும் பேசவில்லை. அந்த அரை மணி நேரத்தில் நான் கற்றது பல வருடங்கள் புத்தகத்தில் படித்ததைவிட அதிகம்.

தெகல்தொருவ ஓவியங்கள் 18 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. விகாரை கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் தொடங்கி அவனுடைய தம்பி ராஜாதி ராஜசிங்கன் காலத்தில் முடிந்தது. மதுரையில் இருந்து வந்த நாயக்கர் வழி அரசர்கள். 1753 இல் சயாமில் இருந்து பிக்குமாரை வரவழைத்து, அறுந்துபோயிருந்த உபசம்பதாவை (பிக்குவாக முழுத் துறவு பெறும் சடங்கை) மீண்டும் தொடக்கிவைத்தவனும் அதே கீர்த்தி ஸ்ரீதான். அந்த மறுமலர்ச்சியோடு விகாரைகள் பெருகின, சுவர்கள் நிறைந்தன. தெகல்தொருவவில் வரைந்தவர்களில் தேவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சே என்று ஒருவர் இருந்திருக்கிறார். உபசம்பதா பெறாத துறவி. அந்தப் பெயர்களையும் அவர்கள் பயன்படுத்திய நிறங்களையும் தேடிப் பதிந்துவைத்தவர் ஆனந்த குமாரசுவாமி, 1908 இல் வெளியிட்ட ஆய்வில். கொழும்பில் தமிழ்த் தகப்பனுக்குப் பிறந்தவர், சிங்களக் கைவினைஞர்களுக்காக அத்தனை உழைத்தார் என்பதை என் பிள்ளைகளுக்கு நான் ஒவ்வொரு வருடமும் சொல்வேன்.

இந்தத் தேரரும் அந்த வழியிலேயே வரைகிறார். சுவருக்கு மகுல் எனப்படும் வெள்ளை மண். அதன்மேல் மெல்லிய சிவப்புக் கோட்டில் முழு உருவமும். பிறகு உள்ளே தட்டையாக நிறம். நிழலும் இல்லை, ஒளியும் இல்லை, தூரம் கிட்டம் இல்லை. முகங்கள் பக்கவாட்டில். பின்னணி முழுதும் சிவப்பு, வெறுமையாகக் கிடக்கிற இடம் எல்லாம் பூ. கடைசியில் கறுப்புக் கோடு ஒருமுறை எல்லாவற்றையும் சுற்றி வருகிறது. அந்தக் கடைசிக் கோடு தடுமாறக்கூடாது. மூச்சை விடும்போதுதான் இழுக்க வேண்டும் என்று காட்டித்தந்தார்.

நிறங்களின் கதைதான் எனக்குப் பிடித்தது. பழையவர்கள் சிவப்புக்குச் சாதிலிங்கம் எடுத்தார்கள். அதில் இருப்பது பாதரசம். மஞ்சளுக்குக் கோகட்டு மரத்தின் பிசின். அது வயிற்றுக்குள் போனால் கடுமையான பேதி. "நாய் தரையை நக்கும், சிந்தினதைச் சாப்பாடு என்று நினைக்கும்" என்றார் தேரர். ஆகவே சாதிலிங்கத்தை அவர் தொடுவதே இல்லை. சிவப்புக்குக் காவிக்கல் அரைக்கிறார். கோகட்டுப் பிசினை உயரத்தில், பூட்டிய அலுமாரிக்குள் வைத்திருக்கிறார். கறுப்பு எண்ணெய் விளக்கின் புகைக்கரி. இவற்றைச் சுவரில் ஒட்டவைப்பது விளாம்பிசின். அவருடைய சிவப்பு தெகல்தொருவச் சிவப்பைவிடச் சற்று மண்ணிறமாகத்தான் இருக்கிறது. அதில் எந்தக் குறையும் எனக்குத் தெரியவில்லை.

சித்திரப் பாடம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகளுக்கு இயற்கை நிறங்களைச் செய்துகாட்ட விரும்பினால் காவிக்கல், கரி, வெள்ளைக் களிமண் மூன்றோடு நில்லுங்கள். இயற்கையில் கிடைக்கிற எல்லாமே கைக்கு நல்லதில்லை.

சுவரில் அவர் வரைந்துகொண்டிருந்தது குக்குர ஜாதகம். ஜாதகம் என்றால் இங்கே புத்தரின் முற்பிறப்புக் கதை. ஜாதகத் தொகுப்பில் 22 ஆவது. தெகல்தொருவவில் வெஸ்ஸந்தர, சுதசோம கதைகள் இருக்கின்றன. நாய்க்கதையை எந்தச் சுவரிலும் நான் பார்த்ததில்லை.

கதை இதுதான். பிரமதத்தன் என்ற அரசனின் தேரை இரவு முற்றத்தில் விட்டுவிட்டார்கள். மழை பெய்து தோல் வார்கள் ஊறிப்போயின. அரண்மனைக்குள் வளர்ந்த உயர்சாதி நாய்கள் அவற்றைத் தின்றுவிட்டன. வெளியில் இருந்து நாய்கள் சாக்கடை வழியாக வந்து தின்றதாகக் காவலர்கள் அரசனிடம் சொன்னார்கள். கண்ட நாயை எல்லாம் கொல்லும்படி உத்தரவு வந்தது. தப்பிய நாய்கள் சுடுகாட்டில் வாழ்ந்த தங்கள் தலைவனிடம் ஓடின. அந்தத் தலைவன்தான் போதிசத்துவர், பிற்பிறப்பில் புத்தராக வரவிருந்தவர். அவர் தனியே அரண்மனைக்குப் போய் நியாயம் கேட்கிறார். தின்றது யார் என்று தெரியுமா? தெரியாது. தெரியாமல் எல்லோரையும் கொல்லலாமா? அரண்மனை நாய்களையும் கொல்கிறீர்களா? இல்லை. அப்படியானால் இது நீதி இல்லை, எளியதைக் கொல்வது. மோரில் தர்ப்பைப் புல்லைக் கலந்து அரண்மனை நாய்களுக்குக் கொடுக்கச் சொல்கிறார். அவை கக்கியதில் தோல் துண்டுகள் வெளியே வருகின்றன.

ஒரே பட்டையில் அரசன் பலமுறை வருகிறான். தேரில் ஒருமுறை, கோபத்தில் ஒருமுறை, நாய்க்கு முன்னால் தலைகுனிந்து ஒருமுறை. கண்டி ஓவியத்தில் காலம் இப்படித்தான் நகரும். இடமிருந்து வலமாகக் கண்ணை நகர்த்திக்கொண்டே போனால் கதை தானாக வரும். கொஞ்ச நேரம் பார்த்த பிறகு தம்பிதான் முதலில் கண்டுபிடித்தான்: சுவரில் சுடுகாட்டு ஓரமாக நிற்கிற மூன்றுகால் நாய், வெளியே வெயிலில் படுத்திருந்த அதே நாய். கிழிந்த காது, வளைந்த வால், எல்லாம் அப்படியே. அரண்மனை நாய்களையும் இவற்றைப் பார்த்துத்தான் வரைந்தீர்களா என்று கேட்டேன். "வேற நாய் எனக்கு எங்கே டீச்சர்? எல்லாம் இவங்கதான். கழுத்துப்பட்டி மட்டும் அரசன் போட்டது" என்றார்.

இந்தக் கதையை ஏன் தெரிந்தெடுத்தார் என்பதையும் சொன்னார். இலங்கையில் 1893 இல் இருந்து விசர்நாய்க்கடிச் சட்டம் இருக்கிறது. தெருவில் திரியும் நாய்களைப் பிடித்துக் கொல்ல அது இடம் கொடுத்தது. அவர் சின்னச் சாமணேரராக இருந்த காலத்தில் நாய் பிடிக்கிற வண்டி வரும் நாளில் விகாரை நாய்களை அறைக்குள் அடைத்து, குரைக்காமல் இருக்கச் சோறு போட்டுக்கொண்டே இருப்பாராம். வீட்டு நாய்கள் வேலிக்குள் தப்பும், வீடில்லாதவை வண்டியில் ஏறும். 2006 இல் நாய்களைக் கொல்வதில்லை என்ற கொள்கை வந்தது. கொள்கை வந்தால் மட்டும் போதுமா என்பது வேறு கேள்வி. கொல்வதை நிறுத்திவிட்டுக் கருத்தடையும் தடுப்பூசியும் ஒழுங்காக நடக்காவிட்டால், நாய்க்கும் நிம்மதி இல்லை, ஊருக்கும் நிம்மதி இல்லை. அதை அவர் கோபத்தோடு சொல்லவில்லை, எனக்குத்தான் கேட்கக் கேட்கக் கோபம் வந்தது.

துறவிக்கு எதற்குச் சித்திரம், எதற்கு நாய் என்று அவரிடமே கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர் விநய நூலில் இருந்தே பதில் சொல்வார். பிக்குமார் சிலர் தங்கள் இருப்பிடத்தில் ஆண் பெண் உருவங்களை வரைவித்தபோது புத்தர் அதைத் தடுத்தார், ஆனால் பூமாலையும் கொடியும் வரைய அனுமதித்தார். ஆகவே தன்னுடைய அறைச் சுவரில் அவர் கொடியும் தாமரையும் மட்டுமே வரைந்திருக்கிறார். ஜாதகக் கதை, மக்கள் வந்து இருந்து பார்க்கிற தான சாலையில். நான் மஞ்சுசிறியைப் பற்றிக் கேட்டேன். 1902 இல் பிறந்து, சிறு வயதிலேயே துறவியாகி, '43 குழு' என்ற நவீன ஓவியர் குழுவில் இருந்து, பிறகு காவியைக் களைந்தவர். ஊர் ஊராகப் போய் விகாரைச் சுவர்களில் இருந்ததை எல்லாம் பிரதி எடுத்தார். 1979 இல் மக்சேசே விருது கிடைத்தது. "அவர் பிரதி எடுக்காமல் விட்டிருந்தால் சில சுவர்களில் என்ன இருந்தது என்று இன்றைக்கு யாருக்குமே தெரியாது" என்று சொல்லிவிட்டுத் தேரர் எழுந்தார். "வாங்க, ஒன்று காட்டுகிறேன்."

சிலைமனையின் உட்கூரையில் பழைய தாமரைச் சித்திரம். பாதி நன்றாக இருக்கிறது. மீதிப் பாதியில் பளபளவென்று எனாமல் பெயின்ட், அதுவும் செதில் செதிலாக உரிந்து தொங்குகிறது. அவர் இந்த விகாரைக்கு வருவதற்கு முன்பே நடந்தது. இறந்துபோன ஒருவரின் நினைவாக, புண்ணியத்துக்காக, ஒரு குடும்பம் புதுப்பித்துக் கொடுத்ததாம். மண்ணும் சுண்ணாம்பும் பூசிய பழைய சுவர் ஈரத்தை இழுக்கும், வெளியே விடும். அதன்மேல் எனாமல் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுவிடும். சில வருடத்தில் எனாமல் உரியும்போது அடியில் இருக்கிற பழைய நிறத்தையும் சேர்த்தே பிய்த்துக்கொண்டு வரும். அந்த இழப்பை எந்த ஓவியராலும் திரும்பத் தர முடியாது. மீதிப் பாதியையும் பூசித் தருகிறோம் என்று இப்போதும் பெயின்ட் டின்னோடு ஆட்கள் வருகிறார்களாம். அவர் தேத்தண்ணி கொடுத்து உட்காரவைத்து, தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் பழைய சுவரை யாரும் தொடக்கூடாது என்று விளக்கி, வேண்டுமானால் கூரை ஓடு மாற்றித் தாருங்கள், ஒழுக்கு நின்றால் சித்திரம் நிற்கும் என்று சொல்லி அனுப்புவார். ஓடு மாற்ற ஆள் கிடைப்பது கஷ்டம். ஓட்டில் பெயர் எழுத இடம் இல்லை என்பது காரணமாக இருக்கலாம். இது என் எண்ணம், அவர் சொன்னது இல்லை.

நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே வாசலில் நாய்கள் எல்லாம் ஒன்றாகக் குரைத்தன. மோட்டார் சைக்கிளில் ஒருவர், மடியில் ஒரு மட்டைப் பெட்டி. உள்ளே மூன்று குட்டிகள், ஒரு மாத வயதுகூட இருக்காது. மனிதர் பெட்டியை நிலத்தில் வைத்துவிட்டு விழுந்து வணங்கினார்.

"தாய் எங்கே?" என்றார் தேரர்.

"வீட்டில், ஹாமுதுருவனே."

"மூன்றும் பெட்டையா?"

"ஓம்."

"கடுவன் குட்டி?"

"அதைப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டு எடுத்துவிட்டார்."

தேரர் குட்டி ஒன்றைத் தூக்கி வயிற்றைத் தடவிப் பார்த்தார். சாமணேரரைக் கூப்பிட்டு இரண்டு கொத்து அரிசியும் ஒரு பை நெத்தலிக் கருவாடும் கொண்டுவரச் சொன்னார். பிறகு அந்த மனிதரிடம் மெதுவாகப் பேசினார். பால் குடிக்கிற குட்டியைப் பிரித்தால் இங்கே பாதி செத்துப்போகும். எட்டு வாரமாவது தாயோடு இருக்கட்டும். தாய்க்குச் சாப்பாடு இல்லை என்பதுதானே உங்கள் கஷ்டம், இதைக் கொண்டுபோங்கள், முடிந்தால் திரும்பவும் வாங்கிப்போங்கள். பால் மறந்ததும் குட்டிகளையும் தாயையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். மிருக வைத்தியர் வரும் நாளைச் சொல்கிறேன், தாய்க்குச் சத்திரசிகிச்சை செய்வோம். குட்டிகளுக்கு வீடு தேடுவது என் வேலை.

மனிதர் தாயைக் கொண்டுவர வசதி இல்லை என்றார். மோட்டார் சைக்கிளில் ஏறாதாம். தம்பி அவருடைய வீடு எங்கே என்று கேட்டு, நான் ஓட்டோவில் வந்து ஏற்றுகிறேன் என்று ஒப்புக்கொண்டான். நான் அவனிடம் எதுவும் சொல்லவில்லை, அவனாகவே சொன்னது.

அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆற்றில் விடாமல் விகாரைக்குக் கொண்டுவந்தார் அல்லவா? ஆனால் கணக்கு கொடுமையானது. பெட்டை நாய் ஆறு மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். வருடத்துக்கு இரண்டு முறை ஈனும். தாயை அப்படியே விட்டுவிட்டுக் குட்டிகளை மட்டும் வாசலில் வைத்தால் அடுத்த பெட்டி ஆறு மாதத்தில் வரும். அதனால்தான் தேரரின் முதல் கேள்வி எப்போதும் தாயைப் பற்றி. விகாரையின் பெயரை எழுத வேண்டாம் என்று அவர் சொன்னதும் இதனால்தான். முன்பு ஒருமுறை யாரோ அவரையும் நாய்களையும் படம் எடுத்துப் புகழ்ந்து போட்டதன் பிறகு பல மாதங்களுக்குத் தூரத்து ஊர்களில் இருந்தெல்லாம் பெட்டிகள் வந்தனவாம். நமது கோயில் வாசல்களிலும் இதே பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். தேர் முட்டிக்குப் பின்னால், பூ மாலை விற்கிற இடத்துக்குப் பக்கத்தில். எந்தச் சமயமாக இருந்தாலும் பெட்டை என்றால் பெட்டிக்குள்தான்.

நாய்களுக்குக் கொடுக்க விரும்புகிறவர்களுக்கு அவர் சொன்னவை: சொக்லட், திராட்சை, வெங்காயம், பூண்டு வேண்டாம். சமைத்த கோழி எலும்பு வேண்டாம், அது உடைந்து குடலைக் கிழிக்கும். பிஸ்கட் பைக்கற்றைக் கூட்டத்துக்கு நடுவில் பிரித்தால் சண்டைதான் மிஞ்சும். அரிசி, பூசணிக்காய், கருவாடு நல்லது. அதைவிட நல்லது, ஒரு நாய்க்கான சத்திரசிகிச்சைச் செலவை ஏற்றுக்கொள்வது. பணத்தை அவர் கையில் கொடுக்க வேண்டாம், உண்டியலில் போட்டுவிட்டுச் சாமணேரரிடம் எதற்கு என்று சொன்னால் போதும்.

கடியைப் பற்றியும் எழுத வேண்டும், இது உயிர் விஷயம். கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தில் எச்சில் பட்டாலோ, ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள். சின்னக் குட்டிதானே என்று விடக்கூடாது, குட்டிக்கும் நோய் இருக்கலாம். விசர்நாய்க்கடியின் அறிகுறி தெரியத் தொடங்கிவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக முடியாது. அந்த விகாரையில் ஒவ்வொரு நாய்க்கும் தடுப்பூசி அட்டை இருக்கிறது, வருடா வருடம் ஊசி போடுகிறார்கள். அரசாங்கம் நாய்களுக்கு இந்த ஊசியை இலவசமாகவே போடுகிறது. அப்படி இருந்தும், வந்தவரின் பிள்ளையை ஒரு நாய் பிறாண்டியபோது தேரரே குழாயடிக்குக் கூட்டிப்போய்க் கழுவவைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதாகச் சாமணேரர் சொன்னார்.

அடுத்த தவணையில் என் பிள்ளைகளைச் சிறு குழுவாகக் கூட்டிப்போனேன். தேரர் அவர்களுக்குப் படம் எடுக்க அனுமதி கொடுக்கவில்லை, பென்சிலுக்கு மட்டும் கொடுத்தார். படுத்திருக்கிற நாயைப் பக்கவாட்டில், கையை எடுக்காமல் ஒரே கோட்டில் வரையச் சொன்னார். நாய் எழுந்து போனால் கோடு அத்தோடு நிற்க வேண்டும். பிள்ளைகளுக்கு முதலில் எரிச்சல், அப்புறம் போட்டி. நாயைக் கண்டாலே தள்ளி நிற்கிற ஒரு பிள்ளை அன்றைக்குக் கடைசிவரை ஒரே நாயின் பக்கத்தில் இருந்தது. வகுப்பில் நான் எத்தனையோ முறை சொல்லியும் வராத கோடு அங்கே வந்தது. இப்போது பாடசாலையிலும் அப்படியே செய்விக்கிறேன், மைதானத்தில் திரியும் நாய்களை வைத்து. அதற்கு முன் அவற்றுக்கு ஊசி போடுவிக்கச் சுகாதாரப் பரிசோதகரை அழைக்க வேண்டியிருந்தது. அதிபர் உடனே ஒத்துக்கொண்டார்.

அந்த மட்டைப் பெட்டிக் குட்டிகளில் இரண்டுக்கு வீடு கிடைத்துவிட்டது. தாய்க்கு ஒப்பரேஷன் முடிந்து, அந்த மனிதரின் வீட்டிலேயே இருக்கிறது. தம்பி ஏற்றி இறக்கியதால் அவனுடைய ஓட்டோவைக் கண்டால் இன்றைக்கும் ஓடிவந்து ஏறப் பார்க்குமாம்.

எங்களுக்கு என்ன கொண்டுவரலாம் என்று விடைபெறும்போது கேட்டேன். பிரிகர (துறவிக்குத் தேவையான பொருட்கள்), காவித் துணி, குடை என்று எதையாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் விளாம்பிசின் கேட்டார். மலைநாட்டில் விளா கிடைப்பது அரிது, கடையில் விற்பதில் வேறு பிசின் கலந்திருக்கிறதாம். வவுனியாவில் என் சின்னம்மாவின் வளவில் பெரிய விளாமரம் நிற்கிறது. விஷயத்தைச் சொன்னதும் சின்னம்மா மரத்தில் வடிந்து காய்ந்ததைச் சுரண்டி, தூசி பொறுக்கி, போத்தலில் போட்டு, கண்டிக்கு வருகிற பஸ்ஸில் தெரிந்தவரிடம் கொடுத்தனுப்புகிறார். பட்டைத் துண்டு கலந்திருந்தால் இரவு முழுக்க ஊறவைத்துச் சீலையில் வடிக்க வேண்டும் என்று தேரர் திருப்பிச் சொல்லி அனுப்பியிருந்தார். சின்னம்மா இப்போது வடித்தே அனுப்புகிறார்.